மூத்தவன் பெயரில் ஓடுகிறவன்

அத்தியாயம் 9

கல்லூரியிலிருந்து ஞானப்பிரகாசம் வாத்தியார் தமிழில் எழுதி அனுப்பியிருந்த கடிதத்தை ஜானகி வீட்டில் மூன்று முறை படித்துக் காட்டிவிட்டாள். மூன்று முறையும் அதில் ஒரே செய்திதான் இருந்தது.

சனிக்கிழமை நடக்கும் ஒரு மைல் ஓட்டத்தில் அவள் அண்ணன் தங்கராஜு ஓட வேண்டுமானால், அன்று பகல் இரண்டு மணிக்குள் அவனுடைய பிறப்புப் பத்திரத்தைக் கல்லூரியில் காட்ட வேண்டும். பதினெட்டு வயதைத் தாண்டியவர்களை ஓடவிடுகிறீர்கள் என்று எதிர்க் கல்லூரிக்காரர்கள் எல்லோர் மீதும் புகார் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே ஓடுகிற பிள்ளைகள் அத்தனை பேரும் பத்திரம் காட்டியாக வேண்டும்.

“அவ்வளவுதானே? பொறந்த பத்திரம், அந்தச் சூராட்டு, பெட்டியிலதான் இருக்கு. எடுத்துக்கிட்டுப் போய்க் காட்டிட்டா முடிஞ்சுது” என்று அப்பா கந்தசாமி அன்றைக்கே சொல்லிவிட்டார். அவருக்கு அது ஒரு கவலையாகவே படவில்லை.

அம்மா குஞ்சம்மாதான் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

நியாலாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர்களின் பிள்ளை மலாக்கா பட்டணத்தில் படிப்பது சின்ன விஷயமல்ல. மே மாதம், இங்கிலாந்து அரசரின் வெள்ளி விழாவுக்காக ஜாசினில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். அதில் தங்கராஜு ஓடியதைப் பார்த்த பிரதர் கிளெமென்ட், அவனைக் கையோடு தம்முடைய புனித மார்த்தீனார் கல்லூரிக்கு அழைத்துப் போனார். கடற்கரையோரம் இருக்கும் சிறிய கத்தோலிக்கக் கல்லூரி. மொத்தமே நூற்றிருபது பிள்ளைகள். படிப்பும் சாப்பாடும் படுக்கையும் அவர்கள் பொறுப்பு. அவன் ஓட வேண்டும், அவ்வளவுதான். அங்கே சேரும்போது தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி எழுதிக் கொடுத்த வயதே போதுமானதாக இருந்தது.

ஊருக்குத்தான் அவன் தங்கராஜு. வீட்டில் குப்பு. அந்தப் பெயரைச் சொன்னால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சனிக்கிழமை விடியற்காலை கந்தசாமி தகரப் பெட்டியைத் திறந்தபோது, வாளியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிய குஞ்சம்மா வாசலிலேயே நின்றாள்.

“மடிச்சது மடிச்சபடியே குடுங்க. பிரிக்காதீங்க.”

“பிரிக்காம எப்படி புள்ள படிப்பாங்க? அவங்க என்னா ஜோசியக்காரங்களா?”

“அவங்க பிரிக்கட்டும். நீங்க பிரிக்காதீங்க.”

“காலங்காத்தால இதென்னா பேச்சு? போ, பெரட்டுக்கு நேரமாச்சு. ஆள் கணக்கு எடுக்கறப்ப நிக்கலன்னா கங்காணி கத்துவான்.”

அவள் போகவில்லை. ஜானகியைப் பார்த்து, “ஓடி முடிச்ச சூட்டோட தண்ணி குடிக்க வேணாம்னு குப்புகிட்ட சொல்லு” என்றாள். பிறகு, திறந்திருந்த பெட்டியை ஒரு முறை பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

கந்தசாமி ரப்பர் ஷீட்டுகளை உலர்த்தும் புகைக்கூட்டில் வேலை செய்பவர். பத்திரத்தை மெல்லிய ரப்பர் ஷீட்டுத் துண்டில் சுற்றி, மேலே நூல் கட்டி வைத்திருந்தார். பதினாலு வயது ஜானகியை ஏன் கூட்டிப் போகிறார் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவள்தான். ஆனாலும் அண்ணனுடைய புத்தகங்களைப் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் எழுத்துக் கூட்டப் பழகியிருந்தாள். “எங்கேயாவது போர்டு படிக்கணும்னா ஆள் வேணும்லா” என்றார் கந்தசாமி.

பஸ்ஸில் கருவாட்டு மூட்டைக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. ஜாசின் தாண்டும்வரை ஜானகி அந்தப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“அப்பா, ஒரு தடவ பாக்கட்டா? பூச்சி அரிச்சிருந்தா அங்க போய் அசிங்கமாயிடும்.”

கந்தசாமி சிறிது யோசித்துவிட்டு அவளிடம் கொடுத்தார். பூச்சி அரிக்கவில்லை. மடிப்புகளில் மட்டும் கிழிந்திருந்தது. அவள் விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். தங்கராஜு. ஆண். அப்பா பெயர், அம்மா பெயர், தோட்டத்தின் பெயர். அடுத்த கட்டத்தில் விரல் நின்றுவிட்டது.

“அப்பா, அண்ணனுக்கு என்னா வயசு?”

“பதினாறு. பெரிய காய்ச்சல் வந்திச்சே, அதுக்கு மறு வருசம் பொறந்தவன்.”

“இதுல இருபதுன்னு வருது.”

“அதுல எப்படி வயசு இருக்கும்? அது பேருக்கான சூராட்டு. பேருதான் இருக்கும்.”

“பொறந்த தேதி போட்டிருக்கு அப்பா. மூணாம் தேதி, மூணாம் மாசம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினஞ்சு. இப்ப முப்பத்தஞ்சு. இருபது வயசு ஆவுது.”

கந்தசாமி சட்டென்று அதைப் பிடுங்கி, தலைகீழாக வைத்துக்கொண்டு பார்த்தார். படிக்கத் தெரியாதவருக்கு எந்தப் பக்கமாக இருந்தால் என்ன?

“தேதி போடுவாங்களா அதுல?” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“போட்டிருக்கு அப்பா.”

பத்திரத்தை மறுபடி ரப்பர்த் துண்டில் சுற்றி நூல் கட்டினார். பஸ் ஒரு பாலத்தில் ஏறி இறங்கியது. கோழிக்கூடையோடு ஒரு மலாய்க்கார அம்மாள் ஏறி, அடுத்த கம்பத்துக் கிராமத்தில் இறங்கினாள்.

“ஒங்கம்மாவுக்கு மூத்தது ஒண்ணு இருந்திச்சு” என்றார் கடைசியில்.

ஜானகி திரும்பிப் பார்த்தாள்.

“அவன் பேருதான் தங்கராஜு. மூணு வயசு. பெரிய காய்ச்சல்ல போயிட்டான். நம்ம லயத்து வீடுகள்ல ஒரே வாரத்துல பதினோரு பேரு போனாங்க. அப்ப குப்பு வயித்துல இருந்தான். பொறந்ததும் குப்பையில உருட்டி எடுத்து, மூக்குக் குத்தி, குப்புன்னு கூப்பிட்டோம். எமன் கண்ணுல படக் கூடாதுன்னு அப்படித்தானே செய்வாங்க? எனக்குத்தான் மனசு கேக்கல. நல்ல பேரு ஒண்ணு இருக்கட்டும்னு அதையே வச்சேன்.”

“சூராட்டு?”

“கிராணிகிட்டப் போய்க் கேட்டேன். ‘தங்கராஜுன்னு ஏற்கனவே எழுதிக் குடுத்திருக்குலா, தொலைச்சிட்டியா?’ன்னாரு. இல்லீங்க, பத்திரமா இருக்குன்னேன். ‘அப்புறம் என்னா, போ’ன்னாரு. நானும் வந்துட்டேன். ஒரு பேருக்கு ஒரு சூராட்டுன்னுதான் நெனச்சேன்.”

அம்மா ஒரு நாளும் அண்ணனைத் தங்கராஜு என்று கூப்பிட்டதில்லை என்பது ஜானகிக்கு அப்போதுதான் உறைத்தது. கோபம் வந்தாலும் குப்புதான். கொஞ்சினாலும் குப்புதான்.

“அண்ணனுக்குத் தெரியுமா?”

“தெரியாது. சொல்லக் கூடாதுன்னுட்டா.”

பத்திரம் காட்டாவிட்டால் அண்ணன் ஓட முடியாது. காட்டினால் அவனுக்கு இருபது வயது. ஓட்டமும் போகும், வயது மறைத்தவன் என்று கல்லூரியும் போகும். திங்கட்கிழமை காலையில் அவனும் வாளி தூக்கிக்கொண்டு பெரட்டில் நிற்க வேண்டியதுதான். கருவாட்டு நாற்றம் தாங்காமல் ஜானகி முகத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டாள்.

கல்லூரித் திடலில் சுண்ணாம்புக் கோடுகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. வெள்ளை அங்கி போட்ட பிரதர்கள் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். போர்த்துகீசிய வழிவந்த செரானிப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் வேலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, “தங்கராஜு! தங்கராஜு!” என்று அப்போதே கத்தத் தொடங்கியிருந்தார்கள். தூரத்தில் வெள்ளைக் கால்சட்டையோடு அவன் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தான். தங்கையைப் பார்த்துக் கை ஆட்டினான். அவளும் ஆட்டினாள். அதற்குமேல் அந்தப் பக்கம் பார்க்க அவளால் முடியவில்லை.

அலுவல் அறையில் ஞானப்பிரகாசம் வாத்தியார் பத்திரத்தைப் பிரித்துப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

“என்ன கந்தசாமி, என்னைச் சிரிக்க வைக்கவா இதைக் கொண்டு வந்தாய்? இதில் இருபது வயது இருக்கிறதே!”

கந்தசாமி தலைத்துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் மகளிடம் சொன்னதையெல்லாம் சொன்னார். வாத்தியார் துண்டு துண்டாக அதை இங்கிலீஷில் சொல்ல, பிரதர் கிளெமென்ட் மேசையில் விரலைத் தட்டிக்கொண்டே கேட்டார். அவருடைய பெரிய காதுகள் சிவந்துகொண்டே வந்தன.

“பிரதர் என்ன சொல்கிறார் என்றால், இன்றைக்குக் காலையிலிருந்து மூன்று தகப்பன்மார் வந்துவிட்டார்கள். மூன்று பேரும் மூன்று கதை சொன்னார்களாம்.”

“பொய் இல்லீங்க சாமி. மாரியம்மா மேல ஆணை.”

“இங்கே வந்து மாரியம்மாவா? சும்மா இரு.”

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. ஜானகி கதவோரம் நின்றாள். வெளி ஆட்கள் முன்னால் அவள் வாய் திறந்து பழக்கமில்லை.

“சார், அண்ணன் மூக்கப் பாக்கச் சொல்லுங்க சார்” என்றாள். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம்.

“என்னம்மா?”

“மூக்கு குத்தியிருக்கும் சார். மூத்தது செத்து, அடுத்துப் பொறந்த பையனுக்குத்தான் அப்படிக் குத்துவாங்க.”

வாத்தியார் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு பிரதர் பக்கம் திரும்பி வேகமாகப் பேசினார். தம் மூக்கையே தொட்டுக் காட்டினார். பிரதர் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

“அது ஏதோ கொப்புளம் வந்த தழும்பு என்று நினைத்தாராம்” என்றார் வாத்தியார் மெதுவாக.

பிரதர் எழுந்து ஜன்னலருகே போய்த் திடலைப் பார்த்தபடி நின்றார். திரும்பி வந்தபோது தீர்மானமாகப் பேசினார். வாத்தியார் ஒவ்வொன்றாகச் சொன்னார். பத்திரத்தில் இருக்கிற தங்கராஜுவுக்கு இருபது வயது. அவன் ஓட முடியாது. இந்தப் பையன் வேறு ஆள் என்றால், வேறு பெயரில் ஓடட்டும். மூத்தவன் இறந்துவிட்டான் என்று தகப்பன் இப்போதே எழுதி ரேகை வைக்க வேண்டும். அவனுடைய இறப்புப் பத்திரத்தைப் புதன்கிழமைக்குள் கொண்டுவர வேண்டும். அதுவரை பந்தயத்தின் முடிவை நிறுத்தி வைப்பார்கள். கொண்டுவராவிட்டால் ஓட்டமும் செல்லாது, பையனும் வீட்டுக்குப் போகலாம்.

“இன்னொரு பெயர் ஏதாவது இருக்கிறதா?” என்றார் வாத்தியார்.

“குப்பு” என்றார் கந்தசாமி.

“குப்புசாமி என்று எழுதிக்கொள்கிறேன்.”

வாத்தியார் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி, உரக்கப் படித்தார். ‘என் மகன் தங்கராஜு இறந்துவிட்டான்’ என்று தொடங்கியது அது.

வெளியே வேலிப் பிள்ளைகள் மறுபடி கத்தினார்கள். “தங்கராஜு! தங்கராஜு!”

மை தடவிய கட்டைவிரல் காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றது.

“சார், ‘மூத்தவன்’னு மட்டும் எழுதக் கூடாதா? அந்தப் பேரப் போட்டுத்தான் எழுதணுமா? அதே பேரச் சொல்லி அங்க கூப்பிடுறாங்களே சார்.”

“பேரைப் போட்டால்தான் செல்லும்.”

“அவன் அம்மா காதுக்கு இது எட்டினா…”

“மணி ஆகிறது, கந்தசாமி.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். மையைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டார். எத்தனை முறை துடைத்தும் போகவில்லை.

“பையனிடம் இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம் என்கிறார் பிரதர். ஓடி முடிக்கட்டும். கலக்கிவிட்டால் கால் வராது” என்றார் வாத்தியார். எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று அந்த அறையில் ஒருவருமே யோசிக்கவில்லை.

நாலு மணிக்கு ஒரு மைல் ஓட்டம். தொப்பி போட்ட ஒரு செரானிக்காரர் தகரக் குழாயை வாயில் வைத்துப் பட்டியலைப் படித்தார். பெயர் கேட்டவன் கை தூக்கி, கோட்டுக்கு வர வேண்டும். இரண்டு சீனப் பிள்ளைகள் வந்தார்கள். எதிர்க் கல்லூரிப் பையன்கள் மூன்று பேர் வந்தார்கள்.

“குப்புசாமி!”

யாரும் வரவில்லை. தங்கராஜு தன் பெயருக்காகக் காத்து, கைகளை உதறிக்கொண்டு நின்றான்.

“குப்புசாமி!”

தங்கராஜு முன்னால் போய் ஏதோ கேட்டான். செரானிக்காரர் பட்டியலைக் காட்டித் தலையை ஆட்டினார். அதில் அவன் பெயர் இல்லை. அவன் மறுபடி கேட்டான். அவர் கையை நீட்டி, திடலை விட்டுப் போகச் சொன்னார்.

பிரதர் கிளெமென்ட் முடிவுக்கோட்டில் கடிகாரத்தோடு நின்றார். வாத்தியார் கூட்டத்தில் எங்கேயோ அகப்பட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பா, கூப்பிடுங்க! மூணு தடவ கூப்பிட்டா அப்புறம் விட மாட்டாங்களாம்.”

கந்தசாமி வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. எந்தப் பெயரைச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஜானகி கயிற்றுக்கு அடியில் குனிந்து புகுந்தாள். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுண்ணாம்புக் கோடுகளை மிதித்துத் திடலுக்கு நடுவில் ஓடினாள். யாரோ சீட்டி அடித்தார்கள். தலை முதல் கால் வரை எரிவது போல் இருந்தது.

“குப்பு அண்ணே! ஒன்னத்தான்! கையத் தூக்கு!”

வேலியில் இருந்த பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். “குப்பு! குப்பு!”

அவன் திரும்பி அவளைப் பார்த்த பார்வையை அவள் ஆயுசுக்கும் மறக்க மாட்டாள். செரானிக்காரர் மூன்றாவது முறையாகக் குழாயை உயர்த்தினார். தங்கராஜு கையைத் தூக்கினான்.

துப்பாக்கி வெடித்தது.

மைலுக்கு நாலு சுற்று. முதல் இரண்டு சுற்றும் அவன் கடைசியில்தான் ஓடினான். முகத்தில் இருந்த கோபத்தைப் பார்த்து, பாதியில் நிறுத்திவிட்டுப் போய்விடுவானோ என்று ஜானகி பயந்தாள். மூன்றாவது சுற்றில் இரண்டு பேரைத் தாண்டினான். நாலாவதில், தோள்களைத் தூக்கிக்கொண்டு, துரத்துகிற எதனிடமிருந்தோ தப்பிப்பவன் போல ஓடினான். எதிர்க் கல்லூரிப் பையனுக்கு ஒரு முழம் முன்னால் கயிறு அவன் நெஞ்சில் பட்டது.

ஒருவரும் கைதட்டி முடிக்கவில்லை. தகரக் குழாயில் அறிவிப்பு வந்தது. ஒரு மைல் ஓட்டத்தின் முடிவு புதன்கிழமை வரை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

அவன் நேராக அவர்களிடம் வந்தான். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

“எதுக்குடி அந்தப் பேரச் சொன்னே? இனிமே இந்தக் காலேஜ்ல எவன் என்னைத் தங்கராஜுன்னு கூப்பிடுவான்? என் பேர யாரு வெட்டுனது?”

“நாந்தான்” என்றார் கந்தசாமி.

அங்சானா மரத்தடியில் மூவரும் உட்கார்ந்தார்கள். கந்தசாமி சொன்னார். ஒரே நாளில் மூன்றாவது முறையாகச் சொல்கிறார். ஆனால் இந்த முறைதான் அவருக்குக் குரல் உடைந்தது. தங்கராஜு புல்லைப் பிடுங்கிக்கொண்டே கேட்டான். முடிந்த பிறகும் பிடுங்கிக்கொண்டிருந்தான். ஒரு முறை கை அவனை அறியாமல் மூக்குக்குப் போய்த் திரும்பியது.

“வேண்டுதலுக்குக் குத்துனதுன்னு அம்மா சொன்னாங்க.”

கந்தசாமி கட்டைவிரல் மையைப் புல்லில் தேய்த்தார்.

“அவன் ஓடுவானா அப்பா?”

“யாரு?”

“மூத்தவன்.”

கந்தசாமி கடல் பக்கம் பார்த்தார். “அந்த வயசுல எல்லாப் புள்ளையும்தான் ஓடும். சங்கு ஊதினா லயத்துல இருந்து புகைக்கூடு வரைக்கும் ஓடி வருவான், என்னைத் தேடிக்கிட்டு. ஒன்ன மாதிரியேதான், தோளத் தூக்கிக்கிட்டு.”

திடலில் கொடிகளை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

“சாவுச் சூராட்டு ஜாசின்ல கெடைக்குமா?” என்றான் தங்கராஜு.

“கெடைக்கும். ஆனா அம்மாதான் வந்து கேக்கணும். அன்னிக்கு நான் காய்ச்சலோட கெடந்தேன். ஜாசின் ஆஸ்பத்திரிக்குப் புள்ளையத் தூக்கிட்டுப் போனது அவதான். அங்க ரேகை வச்சதும் அவதான். அது எந்த நாளு, எந்த வார்டுன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. பதினேழு வருசமா அதப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல.”

“பிரதர்கிட்ட புதன்கிழமை வரைக்கும் லீவு கேட்டுட்டு வர்றேன். அம்மாகிட்ட நானே பேசுறேன்.”

“என்னான்னு பேசுவே?” கந்தசாமி தலையை நிமிர்த்தி மகனைப் பார்த்தார். மை படிந்த கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருந்தார். “‘தங்கராஜு செத்த சூராட்டு வேணும், எனக்கு வாங்கிக் குடும்மா’ன்னா?”

தங்கராஜு கையிலிருந்த புல்லை உதறிவிட்டு எழுந்தான். லீவு கேட்கப் பிரதர் நின்ற பக்கம் வேகமாக நடந்தான்.

ஜாசினுக்குப் போகும் பஸ் சாலை முனையில் திரும்பிக்கொண்டிருந்தது.